கழுத்து நரம்பு

காலை வெயில், கண்ணுங்களா, ஆஸ்பத்திரி ஜன்னல் வழியாக, கட்டிலில் கிடக்கும் பாவாடை என்கிறவன் கழுத்தில் விழுகிறது. பீங்கான் பேக்டரியில் சூளைவேலை அவனுக்கு. ரெண்டு நாள் வாந்திபேதியில் கைநரம்பெல்லாம் வற்றிப்போய், மருந்து ஏற்றக் கழுத்து நரம்புதான் மிச்சம். அது புடைக்கத் தலை தாழவேண்டும். கட்டிலின் கால்மாடு உயர அடியில் ரெண்டு சூளைச் செங்கல் கொடுத்திருக்கிறார் டாக்டர் அமீனுதீன். நரம்போ தெரியவில்லை. தலைக்கடியில் மடித்த சேலை இருக்கிறது. "யாரும்மா இதை வச்சது?" "நான்தாங்க. தலை தொங்குதுங்களே," என்கிறாள் மனைவி தனக்கோடி. "உருவிடும்மா." உருவுகிறாள். "வாயை மூடிக்கிட்டு முக்குப்பா." பாவாடை புரியாமல் விழிக்கிறான். "யோவ், சூளைக்குள்ள வண்டி தள்ளுவியே, அப்புடி!" என்கிறாள் தனக்கோடி. முக்குகிறான். சுண்டுவிரல் கனத்துக்கு நரம்பு எழுகிறது. ஊசி வழியே மெல்லிய குழாய் நெஞ்சுப்பக்கம் இறங்க, பாட்டிலில் சொட்டு விழத் தொடங்குகிறது. டாக்டர் நிமிர்ந்து, கன்னம் உப்பி நிற்கும் தனக்கோடியைப் பார்க்கிறார். "போதும், நீ மூச்சு விடும்மா."