அடுத்த வண்டி

ஆவுடையப்பனை மதிலில் ஏற்ற இரண்டு பேர் தள்ள வேண்டியிருந்தது.

ஏறி உட்கார்ந்ததும் அறுபத்து மூன்று வயது எங்கோ போய்விட்டது. கால் தானாக ஆட ஆரம்பித்தது.

வலது பக்கம் ஜெபசிங். இடது பக்கம் மைதீன். கீழே மூவரின் செருப்புகள்.

பள்ளிக்கூடத்துக்குள் பழைய மாணவர் கூட்டம் இன்னும் முடியவில்லை. மைக்கில் யாரோ விடாமல் நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்கள். சாப்பாடு தொண்டை வரை நிற்க, இவர்கள் மட்டும் நைசாக நழுவி வந்துவிட்டார்கள்.

கார் பேச்சுக்குப் பள்ளி நாட்களிலும் இந்த மதில்தான்.

ஜெபசிங் தன் வெள்ளை ஹெரால்டு காரிலிருந்து தொடங்கினான். உண்மையில் அது மில் மேனேஜருடையது. ஆனால் ஜெபசிங்கின் முறையில் மூன்று தடவை வந்ததால் அவனுடையது. மைதீனுக்கு டாக்டர் வீட்டுப் பிளிமத். துபாயில் ஷேக்குகளின் வண்டியையெல்லாம் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தவன் அவன். பிளிமத்துக்கு முன்னால் அதெல்லாம் உறை போடக் காணாது என்றான்.

ஆட்டம் இவ்வளவுதான். வளைவில் அடுத்து எந்த வண்டி திரும்புகிறதோ, அது முறை வந்தவனுக்கு. இரண்டு சக்கரம் கணக்கில் இல்லை. வந்தது வந்ததுதான், மாற்றிக்கொள்ள முடியாது.

ரூல் போட்டவன் ஜெபசிங். அதற்காக ஒருமுறை மைதீனோடு கட்டிப் புரண்டு சட்டையைக் கிழித்துக்கொண்டவன். மைதீன் தன் மாமாவின் டாக்ஸியைச் சொல்லிவைத்து வரவழைத்த நாள் அது. அன்றே இன்னொரு ரூலும் சேர்ந்தது.

வரும் என்று முன்னமே தெரிந்த வண்டி செல்லாது.

ஆவுடையப்பனுக்கு என்ன வந்தது? லாரி. டிராக்டர். தண்ணீர் வண்டி. மறுபடி லாரி. ஒருநாள் எருமை ஏற்றிய வேன். பள்ளி முடிகிற வரை ஒரு கார்கூட வரவில்லை. பெயரே லாரி ஆகிப்போனது. ஆவுடையப்பன் என்று கூப்பிட்டால் அவனே திரும்ப மாட்டான்.

"ஏல லாரி, ஒரு ஆட்டம் போடுவமா?" என்றான் மைதீன்.

ஆவுடையப்பன் காலையிலிருந்து இதற்காகத்தான் காத்திருந்தான்.

மகள் சிவகாமி நேற்று கார் எடுத்திருந்தாள். அந்தக் குடும்பத்தில் முதல் கார். அதுவரை எல்லாவற்றுக்கும் அவனுடைய டிவிஎஸ் ஐம்பதுதான். சின்னப் பிள்ளையில் அதன் முன்னால் நின்றுகொண்டு ஊர் முழுக்க ஹாரன் அடித்துக்கொண்டே வருவாள்.

இன்று அவனை அழைத்துப் போக அந்தக் காரில் வருகிறாள்.

அது அவன் முறையில் திரும்ப வேண்டும். ஒரே ஒரு தடவை. அத்தனை லாரிக்கும் வட்டியும் முதலுமாகத் தீர்ந்துவிடும்.

வெளியே சொன்னால் செல்லாது. எனவே வாயை இறுக்கிக்கொண்டான்.

ஜெபசிங்குக்கு ஒரு பெரிய சிவப்புக் கார் வந்தது. மைதீனுக்கு வாடகைக் கார்.

அவனுக்கு மினி பஸ்.

"பரவால்லல, குடும்பத்தோட போலாம்" என்றான் ஜெபசிங். மதில் குலுங்கச் சிரித்தார்கள். அவன்தான் அதிகம் சிரித்தான்.

அடுத்த சுற்றில் ஜெபசிங்குக்கு ஜீப். மைதீனுக்கு ஸ்கூல் வேன்.

அவன் முறை வந்தபோது போன் அடித்தது.

"யப்பா, ரயில்வே கேட்டுல நிக்கேன். எனக்கு முன்னால ஒரே ஒரு லாரிதான். தொறந்ததும் வந்துருவேன்."

"சரிம்மா, சரிம்மா" என்று குசுகுசுத்துவிட்டு வைத்தான்.

அவன் போனில் எதிர்முனை பேசுவது தெருவுக்கே கேட்கும். அது அவன் ஒருவனுக்குத்தான் தெரியாது.

மைதீன் வேப்பமரத்தைப் பார்த்தான். ஜெபசிங் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

ஆவுடையப்பன் மனசுக்குள் கணக்குப் போட்டான். லாரி அவனுக்கு. சிவகாமியின் கார் ஜெபசிங்குக்கு.

விளையாட்டுதானே என்று சொல்லிக்கொண்டான். மனசு தேறவில்லை.

ரயில் கடந்து போனது. கேட் திறக்கும் மணி கேட்டது.

சாலை காலியாகக் கிடந்தது.

பிறகு வளைவில் உறுமல். மணல் லாரி. தார்ப்பாய் கட்டி, ஆடி அசைந்து, அவனுக்கென்றே பிறந்ததுபோல் வந்தது.

அவன் தலை குனிந்தான்.

மதிலிலிருந்து யாரோ தொப்பென்று குதித்தார்கள்.

"இது என்னுதுல! எவனும் வாயத் தொறக்கக் கூடாது!"

ஜெபசிங். முழங்கால் ஆபரேஷன் செய்த ஜெபசிங். செருப்புகூடப் போடாமல் சாலையோரம் நின்று லாரிக்குக் கை காட்டிக்கொண்டிருந்தான்.

மைதீன் ரூல் பேசவில்லை.

லாரி பள்ளிக்கூட வேகத்தடையில் ஏறி இறங்கி, ஜெபசிங் பக்கத்தில் நின்றது. அதன் பின்னால் ஒரு நீண்ட ஹாரன். விடாத ஹாரன்.

வான நீலத்தில் சின்னக் கார். முன்னால் சாமந்தி மாலை.

"யாரு வண்டின்னே தெரியல" என்றான் மைதீன். "ஆனா உனக்குத்தாம்ல."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் நிறைந்தது. இறக்கிவிடச் சொல்லாமல், தானாகவே மதிலிலிருந்து குதித்தான்.

சிவகாமி கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தாள்.

"யப்பா, யாருப்பா அது? லாரியத் தட்டிக் குடுத்துட்டு நிக்காரு?"

அவன் திரும்பிப் பார்த்தான்.

"அது அவன் வண்டிம்மா" என்றான்.