அறையில் இன்னொருவர்

மின்விசிறியை நிறுத்தியிருக்கிறார்கள், கம்ப்யூட்டர் துரைக்குச் சத்தம் ஆகாதாம். வேலைக்கான நேர்காணலை அதுதான் நடத்துகிறது, மனிதர் யாருமில்லை. லேப்டாப் முன்னால் இஸ்திரி போட்ட சட்டையில் பட்டதாரி மகள். அவள் முதுகுக்குப் பின்னால் கட்டிய போர்வைக்கு அந்தப்புறம், காலில் மாவுக்கட்டோடு அப்பா வேர்வையில் ஊறிக் கிடக்கிறார். வீட்டில் இருப்பதே அந்த ஓர் அறைதான். கடைசிக் கேள்விக்கு அவள் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போது அவருக்கு இருமல் முட்டுகிறது. தலையணையைக் கடிக்கிறார், அப்படியும் ஒரு செருமல் தப்பிவிடுகிறது. "அறையில் இன்னொருவர் இருக்கிறார். நேர்காணல் ரத்து செய்யப்படுகிறது. நன்றி" என்கிறது தேன் தடவிய குரல். போர்வை விலகுகிறது. "வாயப் பொத்திக்கிட்டுத்தானேம்மா கெடந்தேன்" என்கிறார் அப்பா. அவள் எழுந்து விசிறியின் சுவிட்சை ஓங்கித் தட்டுகிறாள். "தனி ரூம் இருக்கறவனுக்குத்தான் வேலையாம். நீ நல்லா இருமுப்பா."