லேசான ஜலதோஷம்

எழுந்ததும் வைதேகிக்கு ஒரு தும்மல் வந்தது. அவ்வளவுதான், அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, ஜலதோஷத்தோட வாக்கிங் போகலாமா?"

"லேசா இருந்தா போகலாம். முடியலைன்னா படுத்துத் தூங்கு," என்றான் கணவன் மதிவாணன், போர்வைக்குள்ளிருந்து.

வைதேகிக்கு இரண்டு பதிலுமே தேவைப்பட்டன.

முதலில் தங்கபுஷ்பத்துக்குப் போன். அடுத்த தெரு பாத்திரக்கடைக்காரரின் மனைவி. மூட்டு ஆபரேஷனுக்குப் பிறகு, வைதேகியின் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடேசன் பூங்காவைச் சுற்றுவார். ஒரு சுற்று முடிவதற்குள் வைதேகிக்குக் கொட்டாவியே வந்துவிடும்.

"அக்கா, பயங்கர ஜலதோஷம். தலையைத் தூக்க முடியலை. இன்னிக்கு வாக்கிங் வரலைக்கா." குரலைக் கொஞ்சம் அடைத்துக்கொண்டாள்.

"ஐயையோ! நீ அசையாம படும்மா. நடையெல்லாம் பொறவு பாத்துக்கலாம்."

அடுத்து ஷூவை மாட்டிக்கொண்டு, "பீச்சுக்குப் போறேங்க" என்றபடி கீழே ஓடினாள். எதிர் ஃபிளாட் ஷண்முகப்ரியாவின் கார் தயாராக நின்றது. பெசன்ட் நகர் பீச்சில் சிரிப்பும் பேச்சுமாக வேகநடை. மறுபடி ஒரு தும்மல்கூட வரவில்லை.

வீடு திரும்பியவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

ஹாலில் தங்கபுஷ்பம்! முழங்காலைத் தேய்த்தபடி உட்கார்ந்திருந்தார். லிஃப்ட் ரிப்பேர், மூன்று மாடி ஏறி வந்திருக்கிறார். பக்கத்தில் ஒரு ஃப்ளாஸ்க்.

வைதேகியின் முகமெல்லாம் வியர்வை. ஷூவெல்லாம் மணல்.

"மெடிக்கல் ஷாப்புக்கா போயிட்டு வாரே?" தங்கபுஷ்பமே கேட்டார். "ஒரு போன் போட்டிருந்தா நான் வாங்கியாந்திருப்பேன்லா!"

"ஆ... ஆமாக்கா. மாத்திரை வாங்கத்தான்..."

"கருப்பட்டி போட்ட சுக்குக் காபி. ஆறுறதுக்குள்ள குடிச்சிரு, என்ன?"

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக நின்று நின்று இறங்கிப் போனார்.

வைதேகி ஒரு வாய் குடித்தாள். தொண்டைக்கு இதமாக இருந்தது. மனசுதான் கூசியது. பாவம், எவ்வளவு வெள்ளந்தியா நம்பிட்டாங்க!

மதிவாணன் தலையைத் துவட்டிக்கொண்டே குளியலறையிலிருந்து வந்தான்.

"போயிட்டாங்களா? ரொம்ப நேரமா உனக்காகக் காத்திருந்தாங்க."

"நல்லவேளை, நான் மாத்திரை வாங்கப் போனேன்னு அவங்களாவே நினைச்சிக்கிட்டாங்க. மாட்டியிருப்பேன்."

மதிவாணன் துவட்டுவதை நிறுத்தினான்.

"மாத்திரையா? அவங்க உள்ள வந்ததுமே, நீ பீச்சுக்கு வாக்கிங் போயிருக்கேன்னு நான் சொல்லிட்டேனே!"