மாடி ஜன்னலில் தெரிந்த லாரி

லாரி ஆபீஸ் மேனேஜர் வாயைத் திறந்தால் ‘அனுபவம்’ விழாமல் இருக்காது. வேலை கேட்டு வந்த பையனிடமும் விழுந்தது.

“லைசென்ஸ்ல மை கூட காயல. மாநிலத்துக்குள்ள ஓடுற சின்ன ட்ரிப்புக்கே மூணு வருஷ அனுபவம் வேணும், தம்பி.”

“வேலை குடுத்தாத்தானே சார் அனுபவம் வரும்? எட்டு ஆபீஸ் ஏறி இறங்கிட்டேன்.”

“வாய் நல்லாத்தான் ஓடுது. போறப்ப கீழ எங்க சீனியர் டிரைவர்கிட்ட, கேட்டை மறிச்சு நிக்கிற லாரியை குடோன்ல விடச் சொல்லிட்டுப் போ.”

பையன் முகம் தொங்க இறங்கிப் போனான்.

சற்று நேரத்தில் லாரி பின்னால் நகர்ந்தது. ஒரு பக்கம் சுவர். மறுபக்கம் மேனேஜரின் புத்தம்புதுக் கார். இரண்டு பக்கமும் ஒரு சாண் இடைவெளிதான். ஒரே வளைவில் புகுந்து, குடோன் மேடையைப் பூப்போலத் தொட்டு நின்றது. ஜன்னலில் நின்ற கிளார்க் திறந்த வாயை மூடவில்லை.

“பாத்தியாய்யா? முப்பது வருஷ அனுபவம்! அந்தப் பையன் இதைப் பாத்திருக்கணும்” என்றார் மேனேஜர், உடம்பு சிலிர்க்க.

“எதை சார்?” என்று ஈரக் கையோடு உள்ளே வந்தார் சீனியர் டிரைவர். “சாப்பிட்டுட்டு இருந்தேன். எந்திரிக்காதீங்கண்ணேன்னு அந்தத் தம்பியே சாவியை வாங்கிட்டுப் போச்சு.”

மேனேஜர் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டினார்.

“தம்பி! அங்கேயே நில்லுப்பா, நானே இறங்கி வரேன்!”