ஒட்டவைத்த கால்

கண்ணாடி அலமாரியில் இருந்த சின்னச் சின்ன பொம்மைகளைப் புது மருமகள் வீரலட்சுமி துடைத்து வைத்தாள். எல்லாம் மாமனார் அய்யாதுரை ஊர் ஊராகப் போய்ச் சேர்த்தவை. நடுவில் இருந்த மண்குதிரைக்கு மட்டும் முன்னங்கால் ஒன்று இல்லை. பக்கத்துப் பொம்மையில் சாய்ந்து நின்றது.

களிமண்ணில் கால் செய்து, காயவைத்து ஒட்டினாள். தன் தீப்பெட்டிக் கம்பெனியிலிருந்து மாமனார் சாப்பிட வந்ததும் காட்டினாள்.

அவர் குனிந்து அந்தப் புதுக் காலையே பார்த்தார்.

“தப்பா மாமா?”

சட்டைப்பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்து நீட்டினார். லேபிளில் ஒரு குதிரை. அதற்கும் மூன்றே கால்.

“சுதந்திரம் வந்த வருசம், லேபிள் வரையுற திருத்தங்கல் ஆர்ட்டிஸ்ட்டுக்கு மாதிரியா கால் ஒடிஞ்ச இந்த மண்குதிரையத்தான் குடுத்தேன். பாத்தது பாத்தபடி வரைஞ்சுட்டாரு. அம்புட்டு லேபிளும் அச்சாகிப்போச்சு. திரும்ப அடிக்க வழியில்ல. லோடை அப்படியே வடக்க அனுப்புனேன். அங்கன எழுத்துத் தெரியாதவுகள்லாம் மூணுகால் குதிரைன்னு கேட்டுக் கேட்டு வாங்குனாக. இந்த வீடே அதுல வந்ததுதான்.”

வீரலட்சுமி பதறிப்போய்க் காலைப் பிய்க்கப் போனாள்.

“விடு தாயி.” அவர் குதிரையைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டார். “பன்னெண்டு வருசமா மூணு கால்லயே நம்மளச் சொமந்திருச்சு. இனியாவது நாலு கால்ல நிக்கட்டும்.”