ஊர் தெரியாத கல்

“இன்னுமா அந்தக் கல்லுக்கு ஊர் தெரியல?” என்று கேட்டுவிட்டு, இயக்குநர் மூன்றாவது டம்ளர் தண்ணீரைக் குடித்தார். ஒரு வார விடுப்புக்குப் பின் அன்றுதான் ஆய்வகம் வந்திருந்தார்.

பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் கூட்டமாக உடைந்து கிளம்பிய பனிப்பாறைகள், அடியில் ஒட்டியிருந்த கற்களை நடுக்கடலில் உதிர்த்துவிட்டுக் கரைந்துபோயின. கடலடிச் சேற்றிலிருந்து அந்தக் கற்களைப் பொறுக்கி, பனி எந்த நிலத்திலிருந்து புறப்பட்டது என்று கண்டுபிடிப்பதுதான் அங்கே வேலை.

“நீங்க மேஜை மேல குப்பியில வச்சுட்டுப் போன கல்லுதானே சார். உலகத்துல எந்தப் பாறையோடயும் ஒத்துப்போக மாட்டேங்குது,” என்றாள் கல்லைச் சோதித்த விஞ்ஞானி.

“அப்போ இது யாருமே பார்க்காத நிலம். கடல்ல முழுகியிருக்கும். அந்த நிலத்துக்கு என் பேரையே வச்சிடுங்க.”

“அதுக்குள்ளயா சார்?”

“முப்பது வருஷமா சேத்தைக் கிளறிட்டிருக்கேன்மா. இதுகூட எனக்கில்லையா?”

பெயரைப் போட்டு, ஆய்வுக் கட்டுரையை அறிவியல் பத்திரிகைக்கு அனுப்பியாயிற்று. நான்காவது டம்ளரை ஊற்றும்போது அவருடைய போன் அடித்தது. கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார். பேசியது டாக்டர்.

“சார், உங்க கிட்னியில இருந்து வந்த கல்லுன்னு ஒரு குப்பி கொடுத்தனுப்பினீங்களே. பார்த்தா அது கருங்கல்லா இருக்கு. மேல கடல் சேறு வேற. தினமும் என்னதான் சாப்பிடறீங்க?”

இயக்குநர் டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார்.

“கட்டுரையைத் திருப்பி வாங்கிடலாமா?”

“எதுக்கு சார்?” என்றாள் விஞ்ஞானி. “கல்லு எங்கிருந்து வந்துச்சோ, அந்தப் பேரைத்தானே போட்டிருக்கோம்.”