மூளை வளர்க்கும் பெட்டி

கோலார் தங்கவயலின் அந்த லைன் வீட்டில் ஜெபம் முடிந்ததும், க்ளிஃபர்ட் பெருமையோடு பெட்டியைத் திறந்தான். மரக்கட்டைகள், மணிகள், ஒரு துணிப் பொம்மை. எல்லாம் பெங்களூரில் வாங்கியவை.

“போனே குடுக்கறதில்ல பாஸ்டர். கொழந்தை கையால தொட்டு வெளையாடினாத்தான் மூளை வளரும். நம்ம நோவா ஒரு தடவ பாத்தா போதும், கப்புனு புடிச்சுக்குவான்.”

பாஸ்டர், டீ கொண்டுவந்த க்ளிஃபர்டின் மனைவி ஷைலாவைப் பார்த்தார். “இன்னாம்மா, கழுத்துல கட்டு?”

“பாத்ரூம்ல வழுக்கி வுழுந்துட்டேன் பாஸ்டர்.”

“நோவா, பொம்மையோட வெளையாடிக் காட்டு ராஜா” என்றான் க்ளிஃபர்ட்.

இரண்டரை வயது நோவா பொம்மையின் முடியைப் பிடித்து இழுத்தான். தலையைச் சுவரில் மோதினான். கீழே தள்ளி வயிற்றில் மிதித்தான். மரக்கட்டையால் விளாசு விளாசென்று விளாசினான். கழுத்துத் தையல் பிரிந்து பஞ்சு பிதுங்கியது.

க்ளிஃபர்டுக்கு வேர்த்தது. “பக்கத்து வூட்டுப் பசங்க கிட்ட கத்துக்கினான் பாஸ்டர்...”

நோவா ஓய்ந்தான். தன் கைக்குட்டையை எடுத்துப் பொம்மையின் கழுத்தில் சுற்றினான். பிறகு அதன் காதருகே குனிந்தான்.

“யாராச்சும் கேட்டா பாத்ரூம்ல வுழுந்தேன்னு சொல்லு, இன்னா?”